ஓட்டின் மேல் போட்ட ஓலை

எங்கள் ஊரில் ஒருவருக்கு எவ்வளவு மரியாதை என்று தெரிந்துகொள்ள அவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தால் போதும். மேலத்தெருவில் நிலம் வைத்திருந்தவர்கள் ஓட்டு வீடுகளில் இருந்தார்கள். அவர்கள் நிலத்தில் கூலி வேலை பார்த்த நாங்கள் கீழத்தெருவில் பனையோலைக் கூரைக்குக் கீழே இருந்தோம். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சட்டத்திலும் கிடையாது. ஆனாலும் கீழத்தெருக்காரன் ஒருவன் தன் வீட்டுக்கு ஓடு போட்டால் ஊரில் மழை பெய்யாது என்கிற அளவுக்கு எல்லோரும் அதை நம்பினார்கள். ஓடு போடாத வருஷங்களிலும் எங்கள் ஊரில் மழை பெய்ததில்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் கூலிக்குப் பார்த்த அந்தக் காட்டு வேலையை விட்டோம். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே அப்போது பட்டாசுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. காலையில் கம்பெனி வண்டி ஊர் விலக்கில் வந்து நிற்கும். அப்பா, அம்மா, நான் மூவரும் ஏறிக்கொள்வோம். அப்பாவுக்கு லோடு ஏற்றுகிற வேலை. அம்மா வெடிகளுக்குத் திரி வைப்பாள். நான் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவேன். எனக்கு அப்போது பதினேழு வயது. தம்பியும் தங்கச்சியும் வீட்டில் இருப்பார்கள். இரண்டும் சின்னஞ்சிறுசுகள். தங்கச்சி நடக்கப் பழகியிருந்தாள், கதவைத் திறக்கப் பழகவில்லை.

ஒரு சீசனில் ஊருக்குப் பக்கத்திலிருந்த வேறொரு கம்பெனியில் வாணம் விட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். காற்று எங்கள் பக்கம் வீசியது. வாணம் எதிர்வீட்டுக் கூரையில் வந்து சொருகிக்கொண்டது. பனையோலை காய்ந்து கிடந்தால் பற்றுவதற்கு ஒரு பொறி போதும். அன்று எங்கள் கம்பெனிக்கு லீவு என்பதால் அம்மா வீட்டில் இருந்தாள். எதிர்வீட்டுக்குள் பாய்ந்து தொட்டிலில் கிடந்த அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் வெளியே வந்ததும் கூரை உள்ளே விழுந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்கையில் மட்டும் தோல் சுருங்கிப்போனது.

அன்றிலிருந்து அம்மா கம்பெனியில் திரி வைத்துக்கொண்டே ஊர்ப்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்காவது புகை தெரிந்தால் கை நின்றுவிடும். மேஸ்திரி திட்டுவார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் தீர்மானமாகச் சொன்னாள்.

“இந்தத் தீவாளிக்குள்ள தீப்பிடிக்காத கூரை போடணும். இல்லேன்னா நான் வேலைக்கு வரலை. பிள்ளைக கூட வீட்டுல இருந்துக்கிடுறேன்.”

அம்மா வேலைக்கு வராவிட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது என்பது அப்பாவுக்குத் தெரியும். ஆகவே கூரை தேடும் படலம் தொடங்கியது.

எங்கள் வீட்டுக்கு எந்தக் கூரை போடலாம் என்பதில் எங்களைத் தவிர எல்லோருக்கும் தெளிவான கருத்து இருந்தது. தகரம் போடச் சொன்னார் அப்பாவோடு லோடு ஏற்றியவர். சித்திரை மாதம் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள். அவர் வீடு ஓலை வீடு. எங்கள் அத்தை, அப்பாவின் அக்காள், கூரையை என் கல்யாணத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டாள். “ஓடு போட்டியன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரன் நகை கூடக் கேப்பான். ஓலை வீடாவே இருந்தா நல்ல மாப்பிள்ளை வரமாட்டான். பாத்துச் செய்யி” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றாள். கூடக் கேட்காத நல்ல மாப்பிள்ளை எந்தக் கூரைக்கு வருவான் என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை.

மேஸ்திரி, கம்பெனி ஷெட்டுக்குப் போட்டிருப்பதைப் போலக் கல்நார்த் தகடு போடச் சொன்னார். எனக்கும் அது பிடித்திருந்தது. வெள்ளையாக, பார்க்க லட்சணமாக இருக்கும். அம்மா அவரிடம் கேட்டாள்.

“கம்பெனியில அதை எதுக்குண்ணே போட்டிருக்காக?”

“லேசா இருக்கும்ல. உள்ள என்னமும் வெடிச்சா கூரை மேல பறந்துரும். பக்கத்து ஷெட்டுக்குச் சேதாரம் இருக்காது” என்றார் மேஸ்திரி பெருமையாக. அந்த ஷெட்டுக்கு உள்ளே உட்கார்ந்துதான் அம்மா திரி வைத்துக்கொண்டிருந்தாள்.

“வீட்டுக்காவது பறக்காத கூரையா இருக்கட்டும்ணே” என்றாள்.

அப்பாவால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. இருக்கன்குடி மாரியம்மனிடம் பூக்கட்டிக் கேட்டுவிடலாம் என்றார். எல்லோரும் போனோம். சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். அங்கே போன பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அம்மனால் சரி அல்லது வேண்டாம் என்றுதான் சொல்ல முடியும். தகரமா, கல்நாரா, நாட்டு ஓடா, சீமை ஓடா என்று கேட்டால் பதில் சொல்லப் பூ பத்தாது. அப்பா பூசாரியிடம் மஞ்சள் பூவும் இன்னொரு பூவும் சேர்த்துக் கட்ட முடியுமா என்று விசாரித்தார். பூசாரி அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் சீமை ஓட்டுக்கு மட்டும் கேட்டோம். தங்கச்சி எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை.

சீமை ஓடு என்று நாங்கள் சொன்னது மேற்குக் கரையிலிருந்து ரயிலில் வருகிற தட்டையான சிவப்பு ஓட்டை. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உட்காரும். அணில் ஓடினால் நகராது, குரங்கு குதித்தால் ஒருவேளை நகரும். அம்மன் சம்மதித்த பிறகு அப்பாவின் முகம் இன்னும் வாடிப்போனது. காரணம் மேலத்தெருப் பெரிய வீட்டுக்காரர். ஊரில் பாதி நிலம் அவருடையது. அப்பாவும் தாத்தாவும் அவர் காட்டில்தான் உழைத்தார்கள். அவர் வீட்டுக் கூரையே நாட்டு ஓடுதான். குயவர் வனைந்த பழைய வளைந்த ஓடு. வருஷா வருஷம் ஆளை விட்டு மாற்றினாலும் ஒழுகும்.

“அவுக வீட்டுலயே நாட்டு ஓடு. நம்ம வீட்டுல சீமை ஓடா? அவுக மூஞ்சில எப்படி முழிக்க?” என்றார் அப்பா.

“அவுக மூஞ்சில எதுக்கு முழிக்கணும்? அவுக காட்டுக்கா வேலைக்குப் போறோம்?” என்றாள் அம்மா.

காட்டு வேலையை விட்டாலும் இடுப்பில் துண்டைக் கட்டுகிற வேலையை அப்பாவால் விட முடியவில்லை. பெரிய வீட்டுக்காரர் தூரத்தில் வந்தாலே தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு நாள் கழித்து அப்பா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். கம்பெனியில் நான் ஒட்டிக்கொண்டிருந்த லேபிளைப் பார்த்து அவருக்கு யோசனை வந்திருந்தது. அந்த லேபிளில் ஒரு ராஜா யானைமேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருப்பார். வானம் முழுக்கப் பூப்பூவாக வெடித்துக் கொட்டும். பெட்டிக்குள் இருந்ததோ சுண்டுவிரல் தண்டி வெடிகள்.

“பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு யாரு பாக்குறா? மேல ஒட்டுற லேபிளைத்தான பாக்குறாக” என்றார். “அடியில சீமை ஓட்டைப் போடுவோம். அதுக்கு மேல ஓலையை வேஞ்சிருவோம். மேலத்தெருவுல இருந்து பாத்தா ஓலை வீடு. உள்ள இருந்து பாத்தா ஓட்டு வீடு. யாருக்கும் மனவருத்தம் இல்லை.”

அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

“தீப்பிடிக்காத கூரை கேட்டேன். நீங்க தீப்பிடிக்காத கூரைமேல தீப்பிடிக்கிற கூரையைப் போடுறேங்கீக.”

“அடியில ஓடு இருக்குல்லா?”

“அப்போ மேல ஓலை எதுக்கு?”

“நமக்கு எதுக்கு? அவுகளுக்கு.”

அம்மா அகப்பையைத் திரும்ப எடுத்தாள். உள்ளே ஓடு இருந்தால் பிள்ளைகள் தலையில் நெருப்பு விழாது. அது போதும் என்று நினைத்திருக்க வேண்டும். சரி என்று எழுந்துபோனாள். எனக்குத்தான் தாங்கவில்லை. ஊர் உலகத்தில் இல்லாதவன் இருப்பதாகக் காட்டிக்கொள்வான். கவரிங் நகை போடுவான், இரவல் சட்டை போடுவான். எங்கள் அப்பா இருப்பதை இல்லை என்று காட்டுவதற்கு வண்டி வண்டியாக ஓலை வாங்கினார்.

ஓடு வாங்க விருதுநகருக்குப் போனோம். நானும் கூடப் போனேன். கடைக்காரர் அப்பாவின் வேட்டியையும் காலையும் பார்த்துவிட்டு, “யாருக்கு ஓடு? மொதலாளி அனுப்புனாகளா?” என்றார். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லிவிட்டார். உடனே நாற்காலி வந்தது. காப்பி வந்தது. கடைக்காரர் ஓட்டை ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். கணீரென்று சத்தம் வந்தால் நன்றாக வெந்த ஓடு, சொத்தென்று கேட்டால் உள்ளே கீறல். பெரிய வீட்டுக்காரருக்கு வரவேண்டிய காப்பியை அப்பா நிதானமாக ஆற்றிக் குடித்தார். வாழ்க்கையில் அவர் அனுபவித்துக் குடித்த காப்பி அதுதான் என்று நினைக்கிறேன்.

ஓடுகளை மாட்டு வண்டியில் அடுக்கி, மேலே சோளத்தட்டையைப் பரப்பிக் கொண்டுவந்தோம். ஆசாரி பனஞ்சட்டம் அடித்து, குறுக்கே ரீப்பர் கட்டைகளை ஓட்டி, ஓட்டைக் கோத்துக் கொடுத்தார். ஒரு வரிசை ஓடு ஏறியதும் பின்னாலேயே அப்பா ஓலையைப் பரப்பிக்கொண்டு போனார். ஆசாரிக்கு நாங்கள் செய்வது என்னவென்று புரியவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் ஓட்டுக்குச் சட்டை போட்டுவிடுகிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். கீழத்தெரு முழுக்க விஷயம் தெரியும். எல்லோரும் வந்து உள்ளே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். மேலத்தெருவுக்குத் தெரிய வழியில்லை. அவர்கள் எங்கள் தெருவுக்குள் காலெடுத்து வைப்பது கிடையாது. எங்களைத் தீண்டாமல் ஒதுக்கி வைத்தவர்கள் எங்கள் ரகசியத்தைத் தாங்களே காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

தீபாவளி வந்தது. கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் பெரிய வீட்டுக்குப் பட்டாசு கொண்டுபோய்க் கொடுப்பது புதிதாக உண்டாகியிருந்த மரியாதை. அந்த வருஷம் அப்பாவின் மனசு குறுகுறுத்திருக்கும். வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலமாகக் கட்டினார். அதில் வாணமும் இருந்தது. பெரிய வீட்டு வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்புறமாகவே நடந்து வந்தார்.

பெரிய வீட்டில் அன்று தலைதீபாவளி. மதுரைப் பக்கத்திலிருந்து புது மாப்பிள்ளை வந்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில் களத்தில் சோடா பாட்டிலை வைத்து வாணம் விட்டார். பாட்டிலை நேராக வைத்தால் காற்றுக்கு வாணம் அவர்கள் வைக்கோல் படப்பில் விழுந்துவிடும் என்று யாரோ சொல்ல, மாப்பிள்ளை பாட்டிலைச் சாய்த்து வைத்தாராம். படப்புக்கு எதிர்ப்பக்கம் கீழத்தெரு. தலைதீபாவளி மாப்பிள்ளையைக் கையைப் பிடித்துத் தடுக்கிற தைரியம் எந்த மாமனாருக்கும் கிடையாது.

அப்பா கட்டிக்கொடுத்த வாணம் எங்கள் வீட்டைத் தேடி வந்தது.

நானும் அம்மாவும் தெருக்குழாயில் நின்றிருந்தோம். கூரைமேல் குபீரென்று வெளிச்சம். அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளைகள் இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். அந்த நேரத்தில் நான் அப்பாவைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. தெருவே கூடி, ஆளுக்கொரு குடத்தோடு ஓடி வந்தது. உள்ளேயிருந்து அம்மாவின் சத்தம் கேட்டது. “தண்ணியை ஊத்தாதீக! ஓடு வெடிச்சிரும். மண்ணை அள்ளிப் போடுங்க, தானா எரிஞ்சு தீரட்டும்!”

அம்மா இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு வந்தாள். தம்பி அதிரசம் தின்றுகொண்டிருந்தான். தங்கச்சி தூங்கிப்போயிருந்தாள், முகத்தில் கொஞ்சம் கரி. தலைக்கு மேலே அவ்வளவு பெரிய தீ எரிந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. நான் தங்கச்சியை வாங்கிக்கொண்டு அழுதேன். அம்மா அழவில்லை. எரிகிற கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சோறு வடிக்கிற நேரத்துக்குள் ஓலை முழுக்க எரிந்து தீர்ந்தது. மேலத்தெருக்காரர்கள் களத்து மேட்டில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு செம்பு தண்ணீரோடு ஒருவரும் இறங்கி வரவில்லை. வீடு போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். புகை விலகியது. கரி பிடித்தாலும் சிவப்பு தெரிகிற சீமை ஓட்டு வீடு ஒன்று கீழத்தெருவில் நின்றுகொண்டிருந்தது.

விடிந்ததும் பெரிய வீட்டுக்காரர் வந்தார். எங்கள் தெருமுனை வரைக்கும்தான். அதற்குமேல் அவர் கால் வராது. அங்கேயிருந்து ஆள் விட்டு அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா இடுப்புத் துண்டோடு போய் நின்றார். கூப்பிடாமலே அம்மாவும் போனாள். அம்மாவுக்குப் பின்னால் நான் போனேன்.

“ஏலே, எப்போ போட்ட ஓடு?”

“ஓலை வீடுதான் ஐயா” என்றார் அப்பா. “ஓலை எரிஞ்சுபோச்சு. இது மிச்சம்.”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பெரிய வீட்டுக்காரருக்கு வரவில்லை. அவர் கூரையை உற்றுப் பார்த்தார். வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்கவில்லை. வாணம் யார் விட்டது என்ற பேச்சையும் எடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பெருந்தன்மையாகப் பேசினார்.

“சரிலே, போட்டது போட்டுட்ட. பிரிக்கச் சொல்லலை. திரும்பவும் மேல ஓலையை வேஞ்சிரு. நானும் ஒண்ணும் பாக்கலைன்னு இருந்துக்கிடுறேன்.”

ஓடு இருந்ததில் அவருக்குக் கோபம் இல்லை. ஓடு தெரிந்ததில்தான் கோபம். அப்பா இரண்டு மாதம் முன்னாலேயே அவரைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார் என்று நினைத்ததும் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்பா தலையை ஆட்டப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்தாள்.

பெரிய வீட்டுக்காரர் அதைக் கவனித்தார். குரல் மாறியது. “ஓலை போடலைன்னா என் வாசலுக்கு வரக்கூடாது. என் கிணத்துல தண்ணி இறைக்கக்கூடாது. என் வீட்டு நல்லது கெட்டதுக்குப் பந்தியில உக்காரக்கூடாது. பாத்துக்க.”

அவர் வாசலுக்குள் நாங்கள் போனதே கிடையாது. அவர் கிணற்றை எட்டிப் பார்க்கக்கூட எங்களை விட்டதில்லை. அவர் வீட்டுப் பந்தி எந்தப் பக்கம் போடுவார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது. ஒருநாளும் கொடுக்காததையெல்லாம் இனிமேல் கொடுக்க மாட்டேன் என்று மிரட்டினார். மிரட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். நாலாவதாகச் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் நின்றார்.

அம்மா அவரிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை. குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“ஓலை போடுறோம் ஐயா. பகல்ல நாங்க மூணு பேரும் கம்பெனிக்குப் போயிருவோம். திரும்பவும் இப்படித் தீப்பிடிச்சா பிள்ளைகளை யாரு ஐயா வெளிய தூக்கிட்டு வருவா? நீங்க எங்க வீட்டுக்குள்ள வருவீகளா?”

தெருமுனையில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். வருவேன் என்று சொன்னால் எங்கள் வீட்டுக்குள் வரவேண்டும். வரமாட்டேன் என்று சொன்னால், பிள்ளைகள் எரிந்து சாகட்டும் என்று ஊர் கேட்கச் சொன்னதாக ஆகும். அவர் மேலத்தெருப் பக்கம் திரும்பி நடந்தார். நான் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் போல ஒரு பெருமை எனக்கு அதற்குப் பிறகு எதிலும் கிடைக்கவில்லை.

அப்பா மட்டும் கலங்கிப்போய் நின்றார். பெரிய வீட்டுக்காரர் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக அம்மாவிடம் கேட்டார்.

“அப்போ ஓலை வாங்கவா, வேண்டாமா?”

“வாங்குங்க” என்றாள் அம்மா. “அடுப்பெரிக்க வேணும்.”